ஆடை ஏற்றுமதியில் எந்த நாடு முந்துகிறது? எண்களை ஒப்பிட ஒரு முழுமையான வழிகாட்டி

2023-24 நிதியாண்டில் இந்தியாவின் ஜவுளி ஏற்றுமதி சுமார் 3,590 கோடி டாலர். அதே நிதியாண்டில் வங்கதேசத்தின் ஆயத்த ஆடை ஏற்றுமதி சுமார் 3,615 கோடி டாலர். இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "ரெண்டு பேரும் சமமாத்தான் ஓடிட்டு இருக்கோம்" என்று திருப்பூரில் எங்கள் கம்பெனிக் கூட்டத்தில் ஸ்லைடு போட்டவன் நான்தான். எல்லோரும் தலையாட்டினார்கள். யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எனக்கும்தான்.

எண்கள் இரண்டும் சரி, ஒப்பீடுதான் தப்பு. இந்தியாவின் 3,590-க்குள் நூல், துணி, பெட்ஷீட், துண்டு, கார்ப்பெட், கைவினைப் பொருள் எல்லாம் அடக்கம். வங்கதேசத்தின் எண்ணில் ஆடை மட்டும். இந்தியாவிலும் ஆடையை மட்டும் பிரித்து எடுத்தால் கிடைப்பது 1,450 கோடி டாலர்தான். சமம் என்று நான் சொன்னது உண்மையில் இரண்டரை மடங்கு இடைவெளி.

இந்தக் குழப்பத்தில் நம் மொழிக்கும் ஒரு பங்கு உண்டு. தீபாவளிக்குத் துணி எடுக்கப் போகிறோம் என்றால் சட்டையும் வரும், சட்டைத் துணியும் வரும். ஜவுளிக்கடையில் எல்லாமே ஜவுளி. சுங்கத்துறைக்கு அப்படியில்லை. இந்த வழிகாட்டி முழுக்க அந்த மாதிரி இடறல்களைப் பற்றியதுதான். கணக்கு என்னவோ பள்ளிக்கூடக் கணக்கு. ஒப்பிடும் இரண்டும் ஒன்றுதானா என்று பார்ப்பதில்தான் வேலை முழுவதும் இருக்கிறது.

ஒரு சின்னக் குறிப்பு: வெளிநாட்டு அறிக்கைகள் பில்லியனில் இருக்கும். 1 பில்லியன் என்றால் 100 கோடி. நான் இங்கே கோடி டாலரில் எழுதுகிறேன். ரூபாய்க் கோடியோடு போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அப்படியும் ஒரு ஸ்லைடு பார்த்திருக்கிறேன்.

படி 1: கேள்வியை ஒரு வரியில் எழுதிவையுங்கள்

"இந்தியாவா வங்கதேசமா?" என்பது டீக்கடைப் பேச்சுக்குப் போதும், கணக்குப் போட முடியாது. "2015 முதல் 2024 வரை அமெரிக்கா வாங்கிய காட்டன் டி-ஷர்ட்டில் இந்தியா, வங்கதேசம், வியட்நாம் மூன்றின் பங்கு எப்படி மாறியது?" என்பது கேள்வி. பொருள், சந்தை, காலம், நாடுகள் என நான்கும் அதில் இருக்கின்றன. நான்கில் ஒன்று விட்டுப்போனாலும் வேலை பாதியில் நிற்கும், அல்லது முடிந்த பிறகு பையர் கேட்கும் முதல் கேள்வியில் கவிழும்.

படி 2: எது ஆடை என்று முடிவு செய்யுங்கள்

உலகம் முழுக்கச் சுங்கத்துறைகள் ஒவ்வொரு பொருளுக்கும் ஹெச்.எஸ். கோடு என்று ஒரு வகைப்பாட்டு எண் வைத்திருக்கின்றன. முதல் ஆறு இலக்கம் எல்லா நாட்டிலும் ஒன்றே. அதற்கு மேல் ஒவ்வொரு நாடும் தன் வசதிக்குச் சேர்த்துக்கொள்ளும். இந்தியாவில் எட்டு இலக்கம்.

கோட்டின் முதல் இரண்டு இலக்கத்துக்கு அத்தியாயம் என்று பேர். அத்தியாயம் 61 பின்னலாடை, திருப்பூர் பாஷையில் பனியன் ஐட்டம். அத்தியாயம் 62 நெய்த துணியில் தைத்த ஆடை. 63 என்பது பெட்ஷீட், துண்டு, திரைச்சீலை போன்ற தைத்த ஜவுளி. கரூர்க்காரர்களின் அத்தியாயம் என்று சொல்லலாம். பழைய துணியும் (6309) இதற்குள்தான் வருகிறது. 50 முதல் 60 வரை பஞ்சு, நூல், துணி. ஆடை ஒப்பீடு என்றால் 61-ஐயும் 62-ஐயும் கூட்டுங்கள், 63-ஐச் சேர்க்காதீர்கள். உலக வர்த்தக அமைப்பு வேறொரு வகைப்பாட்டில் 84 என்ற பிரிவை ஆடைக்குப் பயன்படுத்துகிறது. அந்தப் பிரிவும் 61+62-ம் நூறு சதம் ஒன்றல்ல. ஒரே அட்டவணையில் இரண்டையும் கலக்க வேண்டாம்.

கீழே இறங்கினால் விஷயம் இன்னும் சுவாரசியம். ரவுண்ட் நெக் டி-ஷர்ட் 6109-ல் போகும். அதே துணியில் காலர் வைத்து ஆண்களுக்கான போலோவாகத் தைத்தால் 6105. ஸ்வெட்ஷர்ட், ஹூடி 6110. கைக்குழந்தை உடுப்பு, அது டி-ஷர்ட்டாகவே இருந்தாலும், 6111. ஒரே கம்பெனி, ஒரே நூல், ஒரே நிட்டிங் மெஷின், ஆனால் நான்கு கோடு. வாடிக்கையாளர்கள் ரவுண்ட் நெக்கிலிருந்து போலோவுக்கு மாறினால் 6109 வரிசையில் சரிவு தெரியும். ஆர்டரே போய்விட்டது என்று எழுதிவிடாதீர்கள், 6105-ஐயும் திறந்து பாருங்கள்.

எனக்குப் பிடித்த பொறி பிரா. அதன் கோடு 6212. பின்னல் துணியில் தைத்தாலும் நெய்த துணியில் தைத்தாலும் அது அத்தியாயம் 62-ல்தான் விழும். உள்ளாடையில் பேர்பெற்ற இலங்கையின் கணக்கை 61 பின்னல், 62 நெய்தது என்று பிரித்து, "இலங்கை நெய்த ஆடையில் பலமாக இருக்கிறது" என்று எழுதினால் கொழும்பில் யாரும் நம்ப மாட்டார்கள்.

இன்னொன்று, ஹெச்.எஸ். கோடு சுமார் ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை திருத்தப்படும்: 2002, 2007, 2012, 2017, 2022. நீண்ட காலத்துக்கு ஆறு இலக்க அளவில் பார்க்கிறீர்கள் என்றால் இந்த ஆண்டுகளில் திடீர்த் தாவலோ சரிவோ இருக்கிறதா என்று கவனியுங்கள். கோடு இடம் மாறியதன் தடமாக அது இருக்கலாம்.

படி 3: எண்ணை எங்கிருந்து எடுப்பது

நாடுகளை ஒப்பிட முதலில் ஐ.நா.வின் காம்டிரேட் தளம், அல்லது அதே தரவை எளிதாகக் காட்டும் டிரேட் மேப். மொத்த ஆடைக்கு உலக வர்த்தக அமைப்பின் புள்ளிவிவரம். அமெரிக்கச் சந்தைக்கு அந்நாட்டு வர்த்தகத் துறையின் ஒடெக்ஸா, ஐரோப்பாவுக்கு யூரோஸ்டாட். இந்திய எண்ணுக்கு வர்த்தக அமைச்சகத்தின் தரவுத்தளம் இருக்கிறது. வங்கதேசத்துக்கு ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பும் மத்திய வங்கியும், இலங்கைக்கு மத்திய வங்கி.

சங்கங்களும் கூட்டமைப்புகளும் வெளியிடும் எண்களைச் செய்திக்குப் பயன்படுத்தலாம், ஒப்பீட்டுக்குப் பார்த்துப் பயன்படுத்துங்கள். வியட்நாமை எடுத்துக்கொள்ளுங்கள். 2024-க்கு அவர்களின் ஜவுளிச் சங்கம் சொன்ன எண் 4,400 கோடி டாலர் அளவு, அதில் நூல், துணி, உபபொருள் எல்லாம் சேரும். சுங்கத்துறை 'ஜவுளி, ஆடை' என்ற தலைப்பில் காட்டியது சுமார் 3,700 கோடி. ஒரே நாடு, ஒரே ஆண்டு, 700 கோடி டாலர் வித்தியாசம். இரண்டிலும் பொய் எதுவும் கிடையாது.

உலக வர்த்தக அமைப்பின் பட்டியலில் சீனாவுக்கு அடுத்து ஐரோப்பிய ஒன்றியம் என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் அசந்துபோவார்கள். அதில் பெரும்பகுதி ஒன்றிய நாடுகள் தங்களுக்குள் விற்றுக்கொள்வது. நெதர்லாந்து துறைமுகத்தில் இறங்கி ஜெர்மனிக்கு லாரி ஏறும் டாக்கா டி-ஷர்ட்டும் அந்தக் கணக்கில் நெதர்லாந்தின் ஏற்றுமதியாக நிற்கும். ஹாங்காங் எண்ணும் அப்படித்தான், மறு ஏற்றுமதியைக் கழிக்காமல் தொடவே கூடாது.

படி 4: ஆண்டையும் நாணயத்தையும் ஒரே தண்டவாளத்துக்குக் கொண்டுவாருங்கள்

இந்தியாவின் நிதியாண்டு ஏப்ரல் முதல் மார்ச் வரை. வங்கதேசத்துக்கும் பாகிஸ்தானுக்கும் ஜூலை முதல் ஜூன் வரை. சீனா, வியட்நாம், இலங்கை மூன்றும் ஜனவரி முதல் டிசம்பர் வரை. என் பழைய ஸ்லைடில் இரண்டு நாட்டுக்கும் '2023-24' என்றுதான் போட்டிருந்தேன். உண்மையில் அந்த இரண்டு ஆண்டுக்கும் பொதுவானது ஒன்பது மாதம்தான். சாதாரண காலத்தில் இது பெரிய பிழையாகத் தெரியாது. கொரோனா போன்ற காலத்தில் மூன்று மாத வித்தியாசம் முடிவையே புரட்டிப்போடும். மாதவாரி எண் கிடைத்தால் எல்லாவற்றையும் காலண்டர் ஆண்டுக்கு மாற்றிவிடுங்கள்.

அடுத்தது நாணயம். இந்திய ஆயத்த ஆடை ஏற்றுமதி 2013-14-ல் ஏறத்தாழ 1,500 கோடி டாலர். 2024-25-ல் ஏறத்தாழ 1,600 கோடி. பதினொரு ஆண்டில் 7% கூட முழுசாக வளரவில்லை. இதையே ரூபாயில் போடுங்கள். அப்போது டாலருக்குச் சராசரியாக 60.50 ரூபாய், பிறகு 84.50. சுமார் 90,000 கோடி ரூபாய் 1,35,000 கோடி ரூபாயாகிறது, 49% வளர்ச்சி! மேடையில் பேசுகிறவர் எந்த எண்ணை எடுப்பார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கூலியும் கரண்ட் பில்லும் ரூபாயில் கட்டுகிறவருக்கு ரூபாய்க் கணக்கும் தேவைதான். ஆனால் நாட்டோடு நாட்டை ஒப்பிடும்போது டாலர் மட்டும்.

டாலரிலும் ஒரு மடக்கு இருக்கிறது. ஐரோப்பாவுக்கு விற்பவர் பல நேரம் யூரோவில் பில் போடுவார். 2014-ல் சராசரியாக 1.33 டாலராக இருந்த ஒரு யூரோ 2015-ல் 1.11-க்கு வந்தது. அதே பீஸ், அதே யூரோ விலை என்றாலும் டாலர் கணக்கில் ஆறில் ஒரு பங்கு காணாமல் போகும். துருக்கிபோல் ஐரோப்பாவை நம்பி இருக்கும் நாடுகளின் 2015 எண்ணைப் படிக்கும்போது இதை மனதில் வையுங்கள்.

மாதவாரியாகப் பார்ப்பவர்களுக்கு மூன்று எச்சரிக்கை. சீனப் புத்தாண்டும் வியட்நாமின் டெட் பண்டிகையும் சில ஆண்டு ஜனவரியில், சில ஆண்டு பிப்ரவரியில் வரும். அந்த இரண்டு மாதத்தையும் கூட்டியே ஒப்பிடுங்கள். ரம்ஜான் ஆண்டுக்குப் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகரும், வங்கதேச மாதக் கணக்கும் அதோடு நகரும். மூன்றாவது, பள்ளத்திலிருந்து அளப்பது. 2020 ஏப்ரலில் ஊரடங்கால் இந்திய ஆடை ஏற்றுமதி 90 விழுக்காட்டுக்கு மேல் விழுந்தது. 2021 ஏப்ரலில் அது சுமார் பத்து மடங்கானது. பத்து மடங்கு வளர்ச்சி என்று தலைப்புப் போட்டவர்களும் உண்டு. அடிப்படை ஆண்டாக 2019-ஐ எடுங்கள். 2020 பள்ளம், 2022 மேடு.

படி 5: வாங்கியவர் கணக்கோடு ஒத்துப் பாருங்கள்

ஒரு நாடு அனுப்பியதாகச் சொல்வதை இன்னொரு நாடு வாங்கியதாகச் சொல்ல வேண்டும். இரண்டையும் ஒத்துப் பார்ப்பதற்குக் கண்ணாடிக் கணக்கு என்று பேர் வைத்துக்கொள்வோம். வங்கதேசம்போலச் சில நாடுகள் ஐ.நா.வுக்கு எல்லா ஆண்டும் கணக்குத் தருவதில்லை. அப்போது வாங்கியவர்களின் எண்ணைக் கூட்டுவது ஒன்றே வழி.

ஏற்றுமதி எண் எஃப்.ஓ.பி.யில் இருக்கும், அதாவது கப்பலில் ஏற்றும்வரை உள்ள விலை. இறக்குமதி எண் பெரும்பாலும் சி.ஐ.எஃப்., கப்பல் கூலியும் காப்பீடும் சேர்ந்தது. அதனால் இயல்பாக வாங்கியவர் சொல்லும் எண் கொஞ்சம் கூடுதலாக இருக்க வேண்டும். அமெரிக்கா வெளியிடும் சுங்க மதிப்பில் கப்பல் கூலி கிடையாது, அது எஃப்.ஓ.பி.க்குப் பக்கத்தில் நிற்கும். இதெல்லாம் போக, விற்றவர் சொல்லும் எண் வாங்கியவர் சொல்லும் எண்ணைவிடப் பெரிதாக இருந்தால் எங்கோ இடிக்கிறது என்று பொருள்.

2024 ஜூலையில் வங்கதேசத்தில் அப்படித்தான் ஒரு பெரிய விஷயம் வெளியே வந்தது. 2023-24-ன் முதல் பத்து மாதத்துக்கு ஏற்றுமதி மேம்பாட்டு அமைப்பு சொல்லியிருந்த மொத்த ஏற்றுமதி 4,747 கோடி டாலர். மத்திய வங்கி கணக்கைத் திருத்திப் போட்டபோது வந்தது 3,367 கோடி. 1,380 கோடி டாலர் காற்றில் கரைந்தது. ஒரே சரக்கை இரண்டுமுறை எண்ணியது, ஏற்றுமதி மண்டலத்திலிருந்து உள்நாட்டுக்குப் போனதையும் சேர்த்தது, தையல் கூலி மட்டும் வாங்கிய வேலைக்குத் துணியின் முழு மதிப்பையும் போட்டது என்று காரணங்கள் அடுக்கப்பட்டன. உற்பத்தியாளர்கள் முன்பே முணுமுணுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். கையில் வரும் டாலரும் காகிதத்தில் இருக்கும் டாலரும் ஒத்துப்போகவில்லை என்று அவர்களுக்குத் தெரியாதா?

இதனால் ஒரு நடைமுறைப் பாடம். வங்கதேசத்தின் திருத்தத்துக்கு முந்தைய எண்ணையும் பிந்தைய எண்ணையும் ஒரே கோட்டில் வரைந்தால் இல்லாத ஒரு சரிவு தெரியும். திருத்திய வரிசையை மட்டும் எடுங்கள் (ஆயத்த ஆடை மட்டும்: 2023-24 சுமார் 3,615 கோடி, 2024-25 சுமார் 3,935 கோடி). நீண்ட காலத்துக்கு வேண்டுமென்றால் அமெரிக்கா, ஐரோப்பா வாங்கிய கணக்குக்குப் போய்விடுங்கள்.

படி 6: மதிப்பையும் அளவையும் பிரித்துப் பாருங்கள்

டாலர் கூடியது என்றால் பீஸ் கூடியதா, விலை கூடியதா? 2011-ல் பஞ்சு விலை ராத்தலுக்கு இரண்டு டாலரைத் தாண்டியது. நூல் விலை ஏறினால் டி-ஷர்ட் விலையும் கொஞ்சம் ஏறும். ஒரு பீஸ் கூட அதிகம் தைக்காமலே நாட்டின் ஏற்றுமதி 'வளரும்'. 2022-லும் இதன் சாயல் உண்டு.

அளவுக்கு ஒவ்வொரு சந்தையிலும் ஒரு கணக்கு. ஐரோப்பாவில் கிலோ. அமெரிக்காவில் சதுர மீட்டர் சமானம் என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். ஒரு டஜன் காட்டன் பின்னல் சட்டை 6 சதுர மீட்டர், ஒரு டஜன் காட்டன் கால்சட்டை 14.9 சதுர மீட்டர் என்று நிலையான பெருக்கல் எண். எந்த நாடு எவ்வளவு ஆடை அனுப்பலாம் என்று வரம்பு வைத்த ஒதுக்கீடு முறை இருந்த காலத்தின் மிச்சம் அது. சட்டையையும் பேன்ட்டையும் ஒரே தராசில் நிறுத்த உதவுகிறது.

மதிப்பை அளவால் வகுத்தால் சராசரி விலை வரும். இங்கேதான் அவசரமான முடிவுகள் பிறக்கின்றன. கற்பனையாக ஒரு கணக்கு: ஒரு நாடு 60 டி-ஷர்ட்டை 2 டாலருக்கும் 40 போலோவை 5 டாலருக்கும் விற்கிறது. சராசரி 3.20. மறு ஆண்டு 80 டி-ஷர்ட், 20 போலோ, அதே விலை. சராசரி 2.60. யாரும் ஒரு சென்ட் கூடக் குறைக்கவில்லை, ஆனால் 'விலையை அடித்து ஆர்டர் பிடிக்கிறார்கள்' என்று ஒரு கட்டுரை தயாராகிவிடும். ஆறு இலக்க அளவில் ஒவ்வொரு பொருளாகச் சராசரி விலை எடுப்பதே நல்லது.

சமீப ஆண்டுகளில் அமெரிக்காவில் இறங்கும் சீன ஆடையின் சதுர மீட்டர் விலை வங்கதேச ஆடையின் விலையைவிடக் குறைவு. கூலி அதிகமான நாட்டின் சரக்கு எப்படி மலிவாகும்? சரக்குக் கலவை வேறு, செயற்கை இழை அதிகம், நூலிலிருந்து பட்டன்வரை அங்கேயே கிடைக்கிறது. விலையைக் கூலியோடு மட்டும் முடிச்சுப் போடுகிறவர்களுக்கு இந்த எண்ணைக் காட்டுங்கள்.

படி 7: வளர்ச்சி விகிதம், அப்புறம் பங்கு

நீண்ட காலத்துக்குக் கூட்டு வளர்ச்சி விகிதம் போதும். எக்ஸெல்லில்: (கடைசி ஆண்டு ÷ முதல் ஆண்டு)^(1 ÷ ஆண்டுகள்) − 1. உலக வர்த்தக அமைப்பின் எண்களை முழுமையாக்கி, 2010-லிருந்து 2023 வரை பதின்மூன்று ஆண்டுக்குப் போட்டால்:

- சீனா: 13,000 கோடி டாலரிலிருந்து 16,500 கோடி, ஆண்டுக்கு 1.9%
- வங்கதேசம்: 1,500-லிருந்து 3,800, ஆண்டுக்கு 7.4%
- வியட்நாம்: 1,000-லிருந்து 3,100, ஆண்டுக்கு 9% வாக்கில்
- இந்தியா: 1,100-லிருந்து 1,500, ஆண்டுக்கு 2.4%

சதவீதத்தில் சீனா கடைசி. ஆனால் அது கூடுதலாகச் சேர்த்த 3,500 கோடி டாலர், இந்தியாவின் மொத்த ஆடை ஏற்றுமதியைப்போல இரண்டு மடங்குக்கு மேல். சதவீதம், கூடிய தொகை இரண்டையும் எழுதுங்கள். ஒன்றை மட்டும் காட்டுகிறவர் ஏதோ ஒன்றை மறைக்கிறார், தெரிந்தோ தெரியாமலோ.

என் அனுபவத்தில் உண்மையைச் சட்டென்று காட்டுவது பங்குதான். அமெரிக்கா வாங்கிய மொத்த ஆடை 2022-ல் சுமார் 9,990 கோடி டாலர். கடைகளில் ஸ்டாக் தேங்கியது, ஆர்டர் குறைந்தது, 2024-ல் அது 7,930 கோடி. சந்தையே 21% சுருங்கியது. அதே காலத்தில் இந்தியாவிடம் வாங்கியது 570 கோடியிலிருந்து 470 கோடியாகக் குறைந்தது, 18% சரிவு. அந்த இரண்டு ஆண்டும் திருப்பூரில் எல்லோர் வாயிலும் ஒரே புலம்பல்தான். புலம்பல் நியாயமானது, ஷிஃப்ட் குறைந்தது நிஜம். ஆனால் பங்கைப் பாருங்கள், 5.7 சதவீதத்திலிருந்து 5.9 ஆகியிருக்கிறது. சந்தை சுருங்கியதைவிட இந்தியா குறைவாகச் சுருங்கியது. வங்கதேசம் 970-லிருந்து 730-க்கு வந்தது, பங்கு 9.7-லிருந்து 9.2. சீனாவின் பங்கும் லேசாக இறங்கியது, வியட்நாமின் பங்கு லேசாக ஏறியது.

ஆக ஒரு நாட்டின் மாற்றத்தை இரண்டாக உடைக்கலாம். சந்தையோடு சேர்ந்து மிதந்திருந்தால் இந்தியா 570-லிருந்து 452-க்கு வந்திருக்கும். வந்தது 470. அந்த 18 கோடி டாலர்தான் போட்டியில் சொந்தமாகப் பிடித்தது. 118 கோடி இழப்பு சந்தை செய்தது. இந்த ஒரு கணக்கைப் போட்டுவிட்டாலே பாதிக் கட்டுரைகளின் தலைப்பு மாறிவிடும்.

படி 8: காரணம் தேடுங்கள், ஆனால் மெதுவாக

ஒரு தாளில் தேதிகளை வரிசையாக எழுதி வரைபடத்துக்குக் கீழே ஒட்டுங்கள். என் பட்டியலில் இருப்பவை சில: 2005 ஜனவரி 1, ஆடைக்கான ஒதுக்கீடு முறை முடிந்தது. 2011 ஜனவரி, ஐரோப்பா ஏழை நாடுகளுக்குப் பிறப்பிட விதியைத் தளர்த்தியது. வாங்கிய துணியில் தைத்தாலும் வரியில்லை என்றானது, வங்கதேசத்தின் நெய்த ஆடைக்கு அது பெரிய கதவு. 2014 ஜனவரி, பாகிஸ்தானுக்கு ஜி.எஸ்.பி. பிளஸ் என்ற ஐரோப்பிய வரிச் சலுகை. 2020 ஆகஸ்ட் 1, ஐரோப்பா–வியட்நாம் வர்த்தக ஒப்பந்தம் நடைமுறை. அதே மாதம் 12-ம் தேதி கம்போடியாவுக்கு ஐரோப்பா கொடுத்திருந்த வரிச் சலுகையில் ஒரு பகுதி ரத்து. 2022 ஜூன், சின்ஜியாங் பஞ்சுக்கு அமெரிக்கத் தடைச் சட்டம் நடைமுறைக்கு வந்தது. 2025 ஆகஸ்ட் 27, இந்தியப் பொருளுக்கு அமெரிக்கக் கூடுதல் வரி 50% ஆனது. அந்த நேரத்தில் வங்கதேசத்துக்கும் வியட்நாமுக்கும் இலங்கைக்கும் 20%.

தேதியும் வளைவும் பக்கத்தில் இருந்தால் அதுவே காரணமாகிவிடாது. இலங்கையின் கதையைப் பாருங்கள். 2010 ஆகஸ்டில் ஐரோப்பா ஜி.எஸ்.பி. பிளஸ் சலுகையை நிறுத்தியது, 2017 மே மாதம்தான் திரும்பக் கொடுத்தது. நடுவில் இலங்கை ஆடைத்தொழில் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். ஏற்றுமதியோ 2011-ல் ஏறியது, 2012-ல் லேசாக இறங்கினாலும் பிறகு மறுபடி ஏறியது. சலுகை போனதால் பாதிப்பே இல்லை என்றும் சொல்ல முடியாது. அது இருந்திருந்தால் இன்னும் ஏறியிருக்கலாம், 2011-ல் பஞ்சு விலையும் எண்ணைத் தூக்கிவிட்டது. உள்ளாடை, விளையாட்டு உடுப்பு என்று விலை கூடிய சரக்குக்கு நகர்ந்திருந்ததும், பெரிய பிராண்டுகளோடு நீண்ட கால உறவு இருந்ததும் கைகொடுத்தன. அங்கே மட்டமான டி-ஷர்ட் தைத்த சின்னத் தொழிற்சாலைகள் பட்ட பாடு மொத்த எண்ணில் தெரியாது.

வங்கதேசத்தில் 2013 ஏப்ரல் 24 ரானா பிளாசா இடிந்து 1,134 பேர் செத்தார்கள். அதற்குப் பிறகும் ஏற்றுமதி ஏறிக்கொண்டே போனது. எண்ணுக்கு அந்த நாள் தெரியாது. எழுதுகிறவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. சில நேரம் காரணம் உலகச் சந்தையில் இருக்காது, உள்ளூர் ஓடையில் இருக்கும். 2011 ஜனவரி இறுதியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் மாசு வழக்கில் திருப்பூர் டையிங் பட்டறைகளை மூடச் சொன்னது. எழுநூறுக்கு மேற்பட்ட பட்டறைகள். துணி இருந்தது, ஆர்டர் இருந்தது, சாயம் ஏற்ற இடமில்லை. வண்டி வண்டியாகத் துணி வெளி மாநிலத்துக்குப் போய்ச் சாயம் ஏறி வந்தது. இந்த ஒரு தகவல் தெரியாமல் அந்தக் காலத்து இந்தியப் பின்னலாடைக் கணக்கைப் படித்தால் கூலி, ரூபாய் மதிப்பு என்று எங்கெங்கோ தேடுவோம்.

காரணத்தைச் சோதிக்க ஒரு எளிய வழி: அதே பொருளை அதே சந்தையில் விற்கும், அந்தச் சம்பவம் தொடாத ஒரு நாட்டைப் பக்கத்தில் வையுங்கள். இரண்டும் ஒன்றாக விழுந்தால் சந்தைதான் விழுந்தது. ஒன்று மட்டும் விழுந்தால்தான் உங்கள் காரணத்துக்கு உயிர். வரி அறிவிப்புகளின்போது இன்னொன்றும் நடக்கும். தேதிக்கு முன்னால் கப்பலேற்ற எல்லோரும் ஓடுவார்கள், அந்த மாதம் எண் வீங்கும், அடுத்த மாதம் வற்றும். முன்னும் பின்னும் மூன்று மாதத்தைக் கூட்டிப் பாருங்கள்.

படி 9: நாட்டில் தங்கியது எவ்வளவு?

ஏற்றுமதி மதிப்பு முழுவதும் அந்த நாட்டின் சம்பாத்தியம் இல்லை. கம்போடியா பெரும்பாலும் சீனத் துணியைத் தைத்து அனுப்புகிறது. வங்கதேசம் பின்னலாடைக்கு நூலையும் துணியையும் பெருமளவு உள்ளேயே செய்துகொள்கிறது, நெய்த ஆடைக்கு வெளியிலிருந்து துணி வாங்குகிறது. இந்தியாவில் பஞ்சிலிருந்து பேக்கிங்வரை உள்ளூரிலேயே முடியும். அதனால் 100 டாலர் ஏற்றுமதியில் நாட்டில் தங்கும் தொகை ஒவ்வொரு இடத்திலும் வேறு. முடிந்தால் பஞ்சு, நூல், துணி இறக்குமதியைக் கழித்து ஒரு நிகர எண்ணையும் பக்கத்தில் போடுங்கள். கச்சிதமாக வராது, திசை தெரியும்.

அந்தந்த நாட்டுக்கு ஆடை எவ்வளவு முக்கியம் என்பதும் இங்கே வரலாம். வங்கதேசத்தின் ஏற்றுமதியில் ஐந்தில் நான்கு பங்குக்கு மேல் ஆடை, இலங்கையில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு. இந்தியாவின் சரக்கு ஏற்றுமதியில் 4% கூட இல்லை. டாக்காவில் ஆடைத்தொழில் தும்மினால் அரசாங்கத்துக்குக் காய்ச்சல் வரும். டெல்லிக்கு நாம் பல துறைகளில் ஒரு துறை.

படி 10: ஷீட்டை எப்படி அமைப்பது

நான் வைத்திருக்கும் அமைப்பைச் சொல்கிறேன். முதல் தாளில் இறக்கிய தரவு அப்படியே, கை படாமல். இரண்டாவது தாளில் நாடு, ஆண்டு, கோடு, மதிப்பு, அளவு என ஐந்து பத்தி. அதற்குப் பக்கத்தில் சராசரி விலை, பங்கு, 2019-ஐ 100 என வைத்த குறியீடு. மூன்றாவது தாள் குறிப்புக்கு: எந்தத் தளம், எந்தத் தேதியில் இறக்கியது, எஃப்.ஓ.பி.யா சி.ஐ.எஃப்.பா, காலண்டர் ஆண்டா நிதியாண்டா. இறக்கிய தேதி முக்கியம். இந்த எண்கள் பின்னால் திருத்தப்படும், ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் உங்கள் எண்ணே உங்களுக்கு எதிராக நிற்கும்.

வரைபடம் இரண்டு போதும். ஒன்று குறியீட்டுக் கோடு, யார் வேகம் என்று தெரிய. இன்னொன்று பங்கு, யார் இடம் பிடித்தது என்று தெரிய. எட்டு நாட்டை எட்டு நிறத்தில் ஒரே படத்தில் போடாதீர்கள். நூல்கண்டு சிக்கல் மாதிரி இருக்கும், யாரும் பிரித்துப் பார்க்க மாட்டார்கள்.

இதெல்லாம் கற்றுக்கொண்ட பிறகு அந்தப் பழைய ஸ்லைடைத் திருத்திப் போட்டேன். 3,590-க்குப் பதில் 1,450, பக்கத்தில் வங்கதேசத்தின் 3,615, கீழே மீதி 2,140 என்ன என்று ஒரு வரி: நூல், துணி, வீட்டு ஜவுளி, மற்றவை. முதலாளி கொஞ்ச நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நம்மூரு நூல் எங்கீங்க போகுது?" என்றார்.

என்னிடம் பதில் இல்லை. மறுநாள் வந்து 5205 கோட்டைத் திறந்தேன், காட்டன் நூல். அந்த ஆண்டு இந்தியாவிடம் வாங்கியவர்கள் பட்டியலில் முதல் பேர் வங்கதேசம்.